இரத்தப் பிரிவும் கணையப் புற்றும்

“உங்கள் இரத்தம் ‘பி’ பிரிவா? அப்படியானால் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 சதவிகிதம் கூடுதல்!” என்று யாரேனும் கூறினால் திடுக்கிடுவீர்கள் அல்லவா? அந்தக் கூற்று பொய்யன்று. ஆனால் பாதி உண்மைதான். மறுபாதியை இங்கே பார்ப்போம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் உள்ள சுரப்பி. உணவைச் செரிக்கும் நீரையும் இன்சுலினையும் தருவது அதுவே. அங்கு தோன்றும் புற்று பெரும்பாலும் முற்றிய பின்னரே தெரியவருகிறது. ஆகவே யாருக்கு வரக்கூடும் என்று முன்னரே அறிய அறிஞர்கள் முயல்கின்றனர்.

2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, செவிலியரும் மருத்துவத் துறையினருமாக 1,07,503 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தது. அவர்களுள் 316 பேருக்குக் கணையப் புற்று கண்டது. ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் ‘ஓ’ பிரிவினர் 27, ‘பி’ பிரிவினர் 46 என்பது கணக்கு. 72 சதவிகிதம் இங்கிருந்து வந்ததே.

நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் தேருக்கு நடுவயது கடந்த லட்சம் பேர் கூடியிருப்பதாகக் கொள்ளுங்கள். எல்லோரும் ‘ஓ’ பிரிவானால் ஓராண்டில் 27 பேருக்கு இந்நோய் வரும். எல்லோரும் ‘பி’ பிரிவானால் 46 பேருக்கு. வேறுபாடு 19 பேர். எஞ்சிய 99,954 பேரை அவ்வாண்டில் அது அணுகாது. “நீளம் 72 சதவிகிதம் கூடியது” என்று எழுதிவிட்டுத் தொடக்க நீளத்தைக் கூறாத மாணவனுக்கு இயற்பியல் ஆசிரியனாகிய நான் முழு மதிப்பெண் தருவதில்லை. செய்திகளுக்கும் அதே விதிதான்.

இரத்தப் பிரிவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. அதே ஆண்டில் நடந்த மரபணு ஆய்வும் இரத்தப் பிரிவைத் தீர்மானிக்கும் மரபணுவையே சுட்டியது. ஆனால் ஐரோப்பியரைவிட நம்மிடையே ‘பி’ பிரிவினர் மிகுதி. கணையப் புற்றோ அமெரிக்காவைவிட இந்தியாவில் குறைவு. வயது, புகைப்பழக்கம், உடற்பருமன், நோயறியும் வசதி எனப் பலவும் இதில் கலந்துள்ளன. அந்நாட்டு எண்ணை அப்படியே இங்கே பொருத்தலாகாது.

இனி, ஈரல் அழற்சி வைரஸ். 2008இல் ஹூஸ்டனில் 476 நோயாளிகளையும் நோயற்ற 879 பேரையும் ஒப்பிட்டனர். ‘பி’ வகை வைரஸ் முன்பு தொற்றியதன் அடையாளம் நோயாளிகளில் 36 பேரிடமும் மற்றவர்களில் 28 பேரிடமும் இருந்தது. அதாவது 7.6 சதவிகிதம், 3.2 சதவிகிதம். கவனிக்கத்தக்க வேறுபாடுதான். எனினும் வைரஸ்தான் புற்றை உண்டாக்கியது என்பதற்கு இது மட்டும் சான்றாகாது. உடனிருந்தவனெல்லாம் குற்றவாளி ஆவானா?

நம்மூருக்கு நெருக்கமான ஆய்வு 1994இல் சென்னையிலிருந்து வந்தது. கணையத்தில் கல் படிந்து, இளவயதிலேயே வயிற்றுவலியும் நீரிழிவும் தரும் வெப்பமண்டலக் கணைய அழற்சி தென்னிந்தியாவில் அதிகம் காணப்பட்ட நோய். அந்நோயுற்ற 185 பேரைத் தொடர்ந்து கவனித்ததில் 6 பேர் கணையப் புற்றால் இறந்தனர். இது பொதுமக்களைப் போல் ஏறத்தாழ 100 மடங்கு ஆபத்து. எண்ணிக்கை சிறியதாதலால் 100 என்பதைத் துல்லியமாகக் கொள்ள வேண்டாம்; ஆயினும் இரத்தப் பிரிவின் ஒன்றேமுக்கால் மடங்கு இதன்முன் எம்மாத்திரம்!

இரத்தப் பிரிவை நாம் மாற்ற இயலாது. புகையை விடலாம், தீராத வயிற்றுவலிக்கு மருத்துவரை நாடலாம். ‘பி’ வகை ஈரல் அழற்சிக்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி போட வேண்டும். 2011 டிசம்பர் முதல் தமிழகத்தில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இது அடங்கும். கணையத்தைப் பற்றிய வழக்கு எப்படி முடிந்தாலும், இவ்வைரஸ் ஈரல் புற்றை உண்டாக்கும் என்பது முடிந்த தீர்ப்பு. அந்த ஓர் ஊசிக்கு அது போதாதா?