விழுந்தவனும் மெதுவாக நடப்பவனும்

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட ‘லெஃப்ட் ஃபோர் டெட் டூ’ என்னும் கணினி விளையாட்டு, அத்துறையின் கணக்கில் முதுமை எய்திவிட்ட ஒன்று. ஈராண்டுகளில் மறக்கப்படும் படைப்புகள் மலிந்த அவ்வுலகில், இது இன்றும் ஆடப்பட்டு வருகிறது. விளையாட்டைக் குறித்து விமரிசனமா என்று புருவம் உயர்த்தும் வாசக அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஒரு கூட்டத்தார் பல்லாண்டுகளாக ஒன்றுகூடி ஒரு பிரதியை மீண்டும் மீண்டும் நிகழ்த்துவார்களானால், அந்தப் பிரதியைப் போலவே அந்தக் கூட்டமும் ஆய்வுக்குரியதுதான்.

கதை எளியது. கொள்ளைநோயால் வெறிகொண்டு அலையும் மாந்தர் கூட்டத்தினூடே, சவானா நகரிலிருந்து நியூ ஓர்லியன்ஸ் வரை நால்வர் தப்பிச் செல்ல வேண்டும். நால்வரையும் வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு நாடுகளில் அமர்ந்திருக்கும் நான்கு பேர் இயக்குகிறார்கள். குருதி மிகுதி என்பதை மறைப்பதற்கில்லை. ஆஸ்திரேலியத் தணிக்கையாளர் 2009இல் முழு வடிவத்துக்கு அனுமதி மறுத்து, 2014இல்தான் வயதுவந்தோர்க்கென இசைந்தனர். சிறுவர் கையில் கொடுக்கத்தக்கதன்று. அவ்வளவோடு அதை விட்டுவிடலாம். நம் அக்கறை வேறு.

இவ்விளையாட்டின் உட்கரு அதன் விதிகளில் இருக்கிறது. ஹன்டர் என்னும் பாயும் உருவமோ சார்ஜர் என்னும் மோதும் உருவமோ ஒருவனைப் பற்றி வீழ்த்திவிட்டால், எத்தனை கைதேர்ந்தவனாயினும் அவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள இயலாது. இன்னொருவன் வந்தாக வேண்டும். உயிர்வலு தீர்ந்து தரையில் கிடப்பவன் துப்பாக்கியைச் சுடலாம், ஆனால் எழ முடியாது. கூரையோரத்தில் விரல்நுனியால் தொங்குபவனும் தோழனின் கையை எதிர்நோக்கியே தொங்குகிறான். இறந்தவன்கூட வழியில் ஏதோ ஓர் அறைக்குள் அடைபட்டுக் குரல் கொடுக்கிறான். கதவை ஒருவர் திறந்துவிட்டால் மீண்டும் அணியில் சேர்கிறான். சுவருக்கு அப்பால் இருக்கும் தோழர்களின் உருவக்கோடும் ஒளிர்ந்து தெரிகிறது. மற்றவர் எங்கே என்று அறியாதிருக்கும் உரிமையை இந்தப் பிரதி யாருக்கும் வழங்கவில்லை. தனிவீரனைக் கொண்டாடும் ஆயிரம் விளையாட்டுகளுக்கிடையே இது ஒரு சாதனை என்பதில் ஐயமில்லை.

‘தியாகம்’ என்னும் பொருள்பட 2010 அக்டோபரில் சேர்க்கப்பட்ட பகுதி இன்னும் ஒருபடி செல்கிறது. முதல் விளையாட்டின் நால்வரும் பாலமொன்றை உயர்த்தித் தப்ப முயல்கையில் மின்னாக்கி நின்றுவிடுகிறது. ஒருவர் கீழே குதித்து அதை மீண்டும் இயக்க வேண்டும். இயக்கியவர் திரும்ப வழியில்லை. எவர் குதிப்பது என்று விளையாட்டு சொல்வதில்லை. ஒருவரும் அசையாவிட்டால் அலையலையாக வரும் கூட்டம் நால்வரையும் விழுங்கிவிடும். இதனையொட்டி வந்த படக்கதையில் பில் என்னும் முதிய போர்வீரர் குதிக்கிறார். கிறிஸ்தவ வாசகர்க்கு இங்கே நினைவுக்கு வரும் இறைவசனத்தை எடுத்தெழுதத் தேவையில்லை. ஆயினும் என் மனம் இக்காட்சியில் அவ்வளவாகத் தோய்வதில்லை. அடுத்த ஆட்டத்தில் உயிர்த்தெழப்போகிறவன் பாலத்திலிருந்து குதிப்பது எளிது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் வேறு. நான்கு நிமிடம் முன்னதாக, எவரும் கவனியாத ஓர் இருட்டு நடையில், தனக்கென எடுத்த வலிமாத்திரைப் புட்டியை நொண்டி வருபவனிடம் நீட்டுகிறானே ஒருவன், அவன் செயலே என்னைக் கவர்கிறது.

இனி, ஆடுவோரிடம் வருவோம். 2009 ஜூனில் இரண்டாம் விளையாட்டு அறிவிக்கப்பட்டபோது, முதலாவது வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பழைய படைப்பைக் கைவிடுகிறார்கள் என்று சினந்த பல்லாயிரம் பேர் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கினர். நிறுவனம் அவர்களுள் முன்னணியினர் இருவரைத் தன் அலுவலகத்துக்கே அழைத்து ஆடிப்பார்க்கச் செய்தது. இயக்கம் அக்டோபரில் கலைந்தது. எதைப் புறக்கணிப்போம் என்றார்களோ அதைத்தான் அந்தச் சமூகம் பின்னர் தோளில் சுமந்தது. மூன்றாம் பாகம் இன்றுவரை வரவில்லை. முதற்படைப்பை உருவாக்கிய டர்ட்டில் ராக் குழுவினர் 2021இல் ‘பேக் ஃபோர் பிளட்’ என்ற வாரிசைக் கொண்டுவந்தனர். 2023இல் அதற்குப் புதிய பகுதிகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டனர். மூத்த விளையாட்டோ நின்றபாடில்லை. 2020 செப்டம்பரில் வெளிவந்த ‘தி லாஸ்ட் ஸ்டான்ட்’ என்னும் பெரும் சேர்க்கை, நிறுவனத்தின் இசைவோடு ஆர்வலர்களே பெரிதும் உழைத்து உருவாக்கியது.

அந்தச் சேர்க்கையின் களம் ஒரு கலங்கரை விளக்கம். 2009இல் முதல் விளையாட்டில் அந்த இடம் தோன்றியபோது அங்கிருந்து மீட்பு கிடையாது. எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்பதே கேள்வி. பதினொரு ஆண்டு கழித்து ஆர்வலர்கள் அந்த இடத்துக்கே ஒரு பாதையையும் ஒரு வெளியேற்றத்தையும் எழுதிச் சேர்த்தார்கள். வாசகர் ஒரு பிரதிக்குச் செய்யக்கூடிய திறனாய்வுகளில் இதைவிட நேர்த்தியானதை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் முதுமைக்கு ஒரு நோயும் உண்டு. ஆட்டத்தின் போக்கைக் கண்காணித்து, எதிரிகளையும் மருந்தையும் இடம் மாற்றி வைக்கும் ‘இயக்குநர்’ என்ற உள்நிரல், மனப்பாடம் செய்வோரை முறியடிக்கவே அமைக்கப்பட்டது. பத்தாண்டு ஆடியவர்களை அதுவும் முறியடிக்க இயலவில்லை. எந்தத் திருப்பத்தில் என்ன வரக்கூடும் என்று அவர்கள் உடல் அறியும், அவர்கள் ஓடுகிறார்கள். 2013 கிறிஸ்துமஸ் நாளில் விளையாட்டு இலவசமாக வழங்கப்பட்டபோது புதியோர் திரளாக வந்தனர். விலைக்குறைப்புகளின்போது இன்னும் வருகின்றனர். முதல்முறை வருபவன் சுவரோவியத்தைப் பார்த்து நிற்பான், அழும் சூனியக்காரியின் மீது அறியாமல் விளக்கொளியை வீசுவான், தோழனையே சுட்டுவிடுவான். உடனே வாக்கெடுப்பு. மற்றவர்கள் இசைந்தால் அவன் வெளியேற்றப்படுகிறான். அவனது இடத்தை இயந்திரம் இயக்கும் ஒரு பொம்மை நிரப்புகிறது. அது எதையும் கேட்பதில்லை, எதையும் கற்றுக்கொள்வதுமில்லை.

விதிகளின் இடைவெளி இங்கேதான் புலப்படுகிறது. விழுந்தவனைத் தூக்கும் தேவையைப் படைப்பாளிகள் ஒவ்வோர் எதிரியிலும் பொதிந்து வைத்தார்கள். மெதுவாக நடப்பவனுக்காகக் காத்திருக்கும் தேவையைப் பாதுகாப்பு அறையின் கதவில் மட்டுமே வைத்தார்கள். நிமிர்ந்து நிற்கும் அனைவரும் உள்ளே வந்தாலன்றி அத்தியாயம் முடியாது என்பது உண்மை. ஆனால் பின்தங்கியவன் வழியில் விழுந்துவிட்டானாயின், மற்றவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம், விளையாட்டு தடுப்பதில்லை. இறுதித் திரையில், திரைப்படங்களில் வருவதுபோல, அவன் நினைவாக என்று ஒரு வரி ஓடவும் கூடும்.

இதைச் சமூகத்தின் குற்றமாக மட்டும் கொள்வது நேர்மையன்று. இதே மூத்தோருள் ஒருசாரார், புதியவனுக்கு முன்னே நின்று, மறைவிலிருந்து வரும் ஒலியைக் கொண்டு எதிரியை இனங்காணச் சொல்லித்தருகிறார்கள். அதற்காக வெற்றியைக்கூட இழக்கிறார்கள். அவர்கள் செய்வது எந்த விதியிலும் இல்லை, எந்தப் பதக்கத்துக்கும் உரியதில்லை. விளையாட்டுக்கு வெளியே எங்கோ கற்றுக்கொண்டதை அவர்கள் அதற்குள் கொண்டுவருகிறார்கள். 2020இல் களத்தையும் பாதையையும் திருத்திய கைகள் வாக்கெடுப்பைத் திருத்தும் வழியையும் தேடியிருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.