விலங்கை விழுங்கும் பூவேலை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிறிது தூரத்தில், தேசியப் பள்ளிவாசலை ஒட்டி இருக்கிறது 1998இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலிலும் கிள்ளான் கோயில்களிலும் அலங்கரித்த வாகனங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அங்குள்ள பாரசீகக் கலையின் பூவேலை அந்நியமாகத் தோன்றுவதில்லை. அதனாலேயே கேள்வி கேட்காமல் ரசித்துவிடுகிறோம். பாரசீகச் சிற்றோவியத்தில் விலங்குக்கு அலங்காரம் எப்போதும் நன்மை செய்ததில்லை.

அந்த அலங்காரத்தின் உச்சத்தை முதலில் சொல்ல வேண்டும். பாரசீக மன்னர் ஷா தமாஸ்புக்காக 1539–43இல் உருவான, கவிஞர் நிஜாமியின் ‘கம்சா’ சுவடியின் ஓரங்களில் பொன்னால் தீட்டிய விலங்குகள் ஓடுகின்றன, பாய்கின்றன. செடிகொடிகளின் வளைவும் விலங்கின் முதுகு வளைவும் ஒரே கோட்டோட்டத்தில் பிறந்தவை. அலங்காரத்தை நீக்கினால் ஓட்டமும் நின்றுவிடும்.

ஆனால் பஹ்ராம் கூர் மன்னனின் வேட்டைக் காட்சிகள் பலவற்றில், அம்பு தைத்த காட்டுக்கழுதையும் அதன் காலடியில் பூத்த செடியும் ஒரே நுணுக்கத்தோடு தீட்டப்பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கவனம் கிடைக்கும்போது வலிக்கு இடமில்லாமல் போகிறது. ரத்தம்கூட இன்னொரு சிவப்புப் பூதான்.

இந்தப் போக்கின் எல்லை, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள 16ஆம் நூற்றாண்டு ஒட்டக ஓவியம். ஒட்டகத்தின் உடல் முழுக்க மனிதர்களும் மிருகங்களும் நெருக்கியடித்து நிறைந்திருக்கிறார்கள். கைத்திறன் அபாரம், ஆனால் உள்ளிருக்கும் உருவங்களைத் தேடுவதிலேயே ஒட்டகம் மறந்துபோகிறது. ஒன்பது பெண்கள் சேர்ந்து யானையாகும் நம் நவநாரி குஞ்சரத்துக்கும் இதே குறை உண்டு. தாராசுரம் கோயில் சிற்பமான ரிஷபகுஞ்சரம் அப்படியல்ல: காளைக்கும் யானைக்கும் ஒரே தலை, ஒரு பக்கத்தை மறைத்தால் மறுபக்கம் முழு விலங்கு. வித்தை இருக்கிறது, விலங்கும் இருக்கிறது.

பாரசீக மரபில் வளர்ந்த முகலாய ஓவியத்தில் ஓவியர் மன்சூர் வேறு வழி கண்டார். 1621இல் ஜஹாங்கீரின் அவைக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. அதன் வரிகள் பூசிய சாயமோ என்று சிலர் சந்தேகப்பட்டதை மன்னரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மன்சூர் அந்த வரிகளைத் தவிர வேறெதையும் முன்னால் வரவிடவில்லை. பின்புலத்தை வெறுமையாக விட்டார். பூவேலை படச்சட்டத்துக்கு ஒதுங்கியது. விலங்கு கண்ணியம் பெற்றது. ஆனால் அது அசையாமல் நிற்கிறது. ‘கம்சா’ ஓரத்து மான்களின் துள்ளல் அதனிடம் இல்லை. அந்த இழப்பையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.