சிந்து மேடையில், ஆட்டம் தெருவில்

ஊற்றுமலை ஜமீன்தார்கள் இருந்து ஆண்டது சிற்றாற்றங்கரையிலுள்ள வீரகேரளம்புதூரில். அங்கே இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப் புலவராக இருந்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது வழிநடையில் பாடப் பிறந்ததே ரெட்டியாரின் காவடிச் சிந்து என்பது இந்தப் பக்கத்து வழக்கு. முப்பது வயதைத் தொடாமல் மறைந்த அந்தப் புலவருக்குத் தமிழ் இலக்கிய வரலாறு நிலையான இடம் கொடுத்துவிட்டது. ஜமீன்தாரின் பெயரும் அவரோடு சேர்ந்து நிற்கிறது. அந்தப் பயணத்தில் காவடியைச் சுழற்றி ஆடியவர் யார், தவில் அடித்தவர் யார், எந்த அடவை யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்? நம் கைக்கு வந்த கதையில் இவர்களுக்கு இடமில்லை. காவடியாட்டம் என்ற கலையின் பலத்தையும் பலவீனத்தையும் எடைபோட இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் பாட்டைப் பார்ப்போம். சிந்து ரெட்டியார் கண்டுபிடித்த வடிவம் அல்ல. நொண்டிச் சிந்தும் வழிநடைச் சிந்தும் அவருக்கு முன்பே மக்கள் வாயில் இருந்தவை. அருணகிரிநாதரின் சந்தமும் அவருக்கு முன்னால் இருந்தது. ரெட்டியார் செய்த பெரிய காரியம், நடக்கிறவன் காலுக்கும் படித்தவன் காதுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும்படி இவற்றைப் பிணைத்தது. சின்னச் சின்னத் துண்டுகளாகச் சொல் ஓடுகிறது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் இயைபு வந்து விழுகிறது. அந்த இடத்தில் மேளம் பதில் சொல்லலாம், ஆடுபவர் திரும்பலாம். தாளம் தெரியாத ஒருவர் உரக்கப் படித்தாலே உடம்பு அசையத் தொடங்கும். அச்சில் கிடக்கும் எழுத்துக்குள் ஆட்டத்தை இப்படி ஒளித்துவைத்தவர்கள் தமிழில் அதிகம் இல்லை.

குறையும் அதே இடத்தில் இருக்கிறது. இயைபு நெருங்க நெருங்கப் பொருள் பின்னால் தள்ளப்படுகிறது. ஊரையும் கோபுரத்தையும் வருணிக்கும் பாடல்களில் உயர்வு நவிற்சி ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகிறது. வெயிலில் நடந்துவரும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்த உவமைகள் போய்ச் சேர்ந்திருக்கும்? ஓசை சேர்ந்திருக்கும், பொருள் பாதிதான் சேர்ந்திருக்கும். முருகனை நினைத்து உருகும் தலைவியின் குரலில் வரும் பாடல்களைப் பக்தி மரபு என்று சொல்லி ஏற்கிறோம். ஆனாலும் பெண்ணின் உடலை வருணிக்கும்போது சில இடங்களில் பக்தி ஒதுங்கி, ஜமீன் அவையின் ரசனைதான் முன்னே வருகிறது. இதைச் சொல்வதால் ரெட்டியாரின் பெருமை குறையாது.

இனி ஆட்டம். காவடி ஒரு பாரம். வளைந்த மரமும் மயிற்பீலியும், இரு பக்கமும் தொங்கும் பால் செம்புகளும் சேர்ந்து தோளில் உட்கார்ந்ததும் உடம்பு வேறு விதமாக நடக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் தளர்ந்து கொடுக்க வேண்டும்; கழுத்து அசையக் கூடாது; பார்வை ஓரிடத்தில் நிற்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் கையை எடுத்துவிடுவார். கை படாமலே காவடி வலத் தோளிலிருந்து பிடரி வழியாக இடத் தோளுக்குப் போகும், திரும்பும், சுழலும். காலில் நடை மாறாது. மேலுடம்பு மட்டும் வட்டமிடும். மேலே சுழற்சியும் கீழே நிதானமும் ஒரே உடம்பில் நடக்கிற இந்த அழகுக்கு ஈடாக நம் செவ்வியல் மேடையிலும் எனக்கு எளிதில் ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. அதை உண்டாக்குவது பாரம்தான். பாரத்தை எடுத்துவிட்டால் அழகும் போய்விடும்.

அதனால்தான் பரதநாட்டியக் கச்சேரியின் கடைசியில் வரும் காவடிச் சிந்து எனக்கு அரை நிறைவையே தருகிறது. அபிநயத்தில் பாட்டின் பொருள் துலங்குகிறது. தெருவில் தொலைந்த உவமைகள் அங்கே மீண்டு வருகின்றன. இது உண்மையான ஆதாயம். ஆனால் காவடி அங்கே கை முத்திரையாகவோ பூ அலங்காரமாகவோ சுருங்கிவிடுகிறது. சபாக்களில் துக்கடாவாகப் பாடும்போதோ கேட்கிறவர் உட்கார்ந்திருக்கிறார், பாடுகிறவரும் உட்கார்ந்திருக்கிறார்.

தெருவில் இதற்கு எதிர்ப்பக்கம். காவடி உண்டு, நையாண்டி மேளம் உண்டு, சிந்து இல்லை. கொடை விழாக்களில் நாதசுரம் பெரும்பாலும் சினிமா மெட்டைத்தான் வாசிக்கிறது. ஆட்டக்காரர் ஏணியில் ஏறுகிறார், படுத்து உருளுகிறார், குனிந்து ரூபாய் நோட்டை வாயால் எடுக்கிறார். திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வித்தை கூடக் கூட ஆட்டம் குறைகிறது. பாட்டு போன பிறகு ஆட்டத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகிறது. அந்த வெற்றிடத்தைத்தான் சாகசம் நிரப்புகிறது. பழியை ஆட்டக்காரர் மேல் போடுவது நியாயம் அல்ல. ஓர் இரவுக் கூலிக்கு ஆடுபவரிடம் கூட்டம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர் கொடுக்க முடியும்.

ஸ்பெயினின் ஃபிளமெங்கோவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதுவும் ஒதுக்கப்பட்ட மக்களிடம், அந்தலூசியாவின் ஜிப்சிக் குடும்பங்களிடம் வளர்ந்த கலை. 19-ஆம் நூற்றாண்டில் பாட்டுக் காப்பிக் கடைகளின் மேடைக்கு ஏறியது, காசுக்கு ஆடியது, கொச்சைப்பட்டது என்ற புகாரையும் கேட்டது. ஆனாலும் பாடுபவர், கிதார் வாசிப்பவர், ஆடுபவர் மூவரும் பிரியவில்லை. ஆடுபவர் காலைத் தட்டி அழைத்தால்தான் பாடுபவர் அடுத்த அடியை எடுப்பார். பன்னிரண்டு எண்ணிக்கைத் தாளத்தை மூவரும் சேர்ந்தே சுமக்கிறார்கள். ஆடியவர்களின் பெயரும் நின்றது. பார்சிலோனாவின் கடற்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்த கார்மென் அமாயா, ஆண்களுக்கு உரியதென்று வைத்திருந்த வேகமான கால்வேலையைக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடிக் காட்டினார். 1963-இல் அவர் இறக்கும்போது பெண்கள் ஆடும் விதமே மாறியிருந்தது. ஆட்டக்கலைஞர் அந்தோனியோ கதேஸ் இயக்குநர் கார்லோஸ் சௌராவோடு சேர்ந்து 1981-இலும் 1983-இலும் 1986-இலும் மூன்று படங்களில் அந்த ஆட்டத்தைக் கதை சொல்ல வைத்தார். 2010-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது, யார் எதைச் சேர்த்தார் என்று சொல்வதற்கு அவர்களிடம் வரலாறு இருந்தது.

நம்மிடம் ஒரு காவடியாட்டக்காரரின் வாழ்க்கை வரலாறாவது இருக்கிறதா? தமிழ்நாட்டில் 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. அதே ஆண்டு சென்னை சங்கமம் விழா பூங்காக்களிலும் தெருக்களிலும் கிராமக் கலைகளுக்கு இடம் கொடுத்தது. இரண்டும் நல்ல காரியங்கள். உதவித்தொகையும் மரியாதையும் கொஞ்சமாவது கிடைத்தன. ஆனால் கரகம், பொய்க்கால் குதிரை, மயில், காவடி என்று அடுத்தடுத்துச் சில நிமிடங்களுக்கு ஓடும் அணிவகுப்பில் எந்தக் கலைக்கும் மூச்சுவிட நேரமில்லை. பார்த்தவர் மனதில் வண்ணம் நிற்கிறது. ஆடியவர் முகம் நிற்பதில்லை.

காவடி ஒரு நேர்த்திக்கடன், அதைக் கலை என்று பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியை மதிக்கிறேன். மலேசியாவிலும் மொரீஷியஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் தைப்பூசக் காவடியை உயிரோடு வைத்திருப்பது நேர்ச்சைதான். ஆனால் சிங்கப்பூரில் 1973-இல் ஊர்வலத்தில் வாத்தியம் தடை செய்யப்பட்டபோது பக்தர்கள் ஏன் அவ்வளவு வருந்தினார்கள்? 2016-இல் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்ததை ஏன் கொண்டாடினார்கள்? தாளம் இல்லாமல் பாரத்தைச் சுமப்பது எத்தனை கடினம் என்று தோளுக்குத் தெரியும். நேர்ச்சையும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. அலகு குத்தும் வலியை மட்டும் படம் பிடித்துப் போடுகிறவர்கள்தான் இரண்டையும் சிறுமைப்படுத்துகிறார்கள்.

என் தீர்ப்பு இதுதான்: காவடிச் சிந்து குறைகளோடும் பெரிய இலக்கியம். காவடியாட்டம் பெரிய ஆட்டம், ஆனால் பாட்டையும் பெயரையும் இழந்து நிற்கும் ஆட்டம். இரண்டையும் திரும்பச் சேர்ப்பது நடக்கக்கூடிய வேலை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் குரலிசையும் ஏற்கெனவே கற்றுத்தருகிறார்கள். அங்கே ஒரு காவடியும், அதை ஆடத் தெரிந்த மூத்த கலைஞர் ஒருவரும் வந்தால் போதும். ரெட்டியாரின் சிந்துக்கு அவர் எப்படி அடியெடுத்து வைக்கிறார் என்று பிள்ளைகள் பார்த்துப் பாடட்டும். அவர் செய்யும் ஒவ்வொரு திருப்பத்தையும் அவர் பெயரோடு படமாகப் பதிந்துவைக்கட்டும்.

அதுவரை காத்திருக்காமல் விழாக் கமிட்டியார் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீரகேரளம்புதூரிலும் சுரண்டையிலும் சங்கரன்கோவில் பக்கத்திலும் அடுத்த விழாவுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, உபயதாரர் பெயர்களுக்குக் கீழே காவடி ஆடுபவரின் பெயரையும், அவருக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரையும், மேளக்காரர்களின் பெயர்களையும் போடுங்கள். நாதசுரக்காரரிடம் ஒரு சிந்தாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.