200 வாட்டில் 70 போதும்

கீக்வேப் நிறுவனத்தின் ஏஜிஸ் லெஜண்ட் 2 என்ற வேப் கருவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது, அது 200 வாட் கொடுக்கும் என்பதைத்தான். நான் அதை 70-க்கு மேல் ஏற்றுவதில்லை. வேறு யாருக்கும் ஏற்ற வேண்டியிருக்கும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் இரண்டு பேட்டரி போடும் பாக்ஸ் மாட் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். ஏன் என்று புரிய, பேட்டரிக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. இது சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு வந்தவர்களுக்காக எழுதுவது. தம் பழக்கமே இல்லாதவர்களுக்கு இதைத் தொட ஒரு காரணமும் கிடையாது. எந்த ஆவியில் வந்தாலும் நிகோடின் ஆளைப் பிடித்துக்கொள்ளும். நான் இருப்பது லண்டனில். இங்கே 18 வயது நிரம்பியவர்கள் கடையில் வாங்கலாம். இந்தியாவில் 2019 முதல் இதன் இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகும்போது இதை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இதற்குள் போகிறவை இரண்டு 18650 பேட்டரிகள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலே 36 மில்லிமீட்டர் அகலம் போய்விடும்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். ஆகவே 'கையடக்கம்' என்று யார் சொன்னாலும் இந்த எல்லைக்குள்தான். 2018-இல் வந்த பழைய லெஜண்டைக் கையில் பிடித்தவர்களுக்கு இது இளைத்துவிட்டது தெரியும். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் தொங்கும். கோட்டுப் பையில் சரி.

பேட்டரிகள் இரண்டும் தொடராக இணைகின்றன. ஒன்றின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட் என்றால் இரண்டும் சேர்ந்து 7.4. நான் போட்டிருக்கும் 0.2 ஓம் மெஷ் காயிலுக்கு 70 வாட் கொடுக்க 3.7 வோல்ட்டுக்குச் சற்று மேல் போதும். கையில் இருப்பதைக் குறைத்துக் கொடுத்தால் போதும், ஏற்றிக் கொடுக்க வேண்டியதில்லை. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினாலும் இழுப்பு மாறாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆம்பியர் கணக்கு இன்னும் முக்கியம். சர்க்யூட்டில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், 70 வாட்டுக்கு இந்த ஜோடியிலிருந்து ஏறக்குறைய பத்தரை ஆம்பியர் இறங்கும். சாம்சங் 25ஆர் பேட்டரி தொடர்ந்து 20 ஆம்பியர் வரை தாங்கும். அதில் பாதிதான் வேலை. இதே 70 வாட்டை ஒற்றை 18650-இல் கேட்டால் 21 ஆம்பியர். எல்லை தாண்டிவிட்டது. இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கும் காசு கூடுதல் நேரத்துக்கு மட்டுமல்ல, பேட்டரி சூடேறாமல் இருப்பதற்கும்தான்.

இப்போது அந்த 200-ஐப் பாருங்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போதே ஒவ்வொன்றிலிருந்தும் 30 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். அழுத்தம் இறங்க இறங்க ஆம்பியர் ஏறும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 20, 25 ஆம்பியர் பேட்டரிகளுக்கு இது ஆகாத காரியம். கருவியின் சிப் 200 வாட் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் பேட்டரியும் கொடுக்க வேண்டுமே! இது இந்த ஒரு நிறுவனத்தின் கோளாறு இல்லை. இரண்டு 18650 போடும் கருவிகள் பலவும் இந்த எண்ணைத் தாங்கித்தான் சந்தைக்கு வருகின்றன. ஒருவர் 220 என்று போட்டால் அடுத்தவர் 230 என்பார். வாங்குகிறவர் அந்த எண்ணைப் பார்க்காமல் 60-க்கும் 80-க்கும் இடையில் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

2500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிகள் இரண்டு போட்டால், 70 வாட்டில், நான்கு நொடி இழுப்பு என்ற கணக்கில் சுமார் 200 இழுப்பு வரும். அரைநேரச் சிகரெட்காரனாக இருந்த எனக்குக் காலையில் போட்டது இரவு வரை காணும்.

பேட்டரி வாங்கும்போது ஒரே நாளில் ஒரே ரகத்தில் இரண்டு வாங்குங்கள். அவற்றைப் பிரிக்காதீர்கள். வண்டியில் பூட்டிய ஜோடி மாடு மாதிரி. ஒன்று தளர்ந்தால் மற்றதன் மேல் பாரம் ஏறும். சார்ஜ் போடுவதும் சேர்த்தே, மாற்றுவதும் சேர்த்தே. மேலுறை கிழிந்த பேட்டரியை உள்ளே தள்ளாதீர்கள், சாவியும் சில்லறையும் கிடக்கும் பையில் வெறும் பேட்டரியைப் போடாதீர்கள். 18650 அளவில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று யாராவது விற்றால் அது பச்சைப் பொய். கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கருவியில் டைப்-சி சார்ஜிங் இருக்கிறது. நான் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேட்டரிகளைக் கழற்றித் தனிச் சார்ஜரில் போடுகிறேன். அங்கே ஒவ்வொன்றின் நிலையும் தனித்தனியாகத் தெரியும்.

உடம்பு முரட்டு உடம்பு. ஐபி68 தரம்: தூசி புகாது, தண்ணீரில் முங்கினாலும் தாங்கும். இந்த வாக்குறுதி கருவிக்குத்தான், மேலே திருகும், ஆவியாகும் திரவத்தை (ஜூஸ்) ஊற்றும் டேங்குக்கு அல்ல. சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைத் திறந்துபோட்டால் கருவிக்கும் அது கிடையாது. லண்டன் மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு இது வெறும் பகட்டில்லை. ஃபயர் பட்டனைப் பூட்ட ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கிறது. பட்டனை ஐந்து தரம் அழுத்தி அணைக்கும் வழக்கத்தை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. பூட்டியிருக்கிறதா என்று பைக்குள்ளேயே விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். மெனுவில் வெப்பக் கட்டுப்பாடு அது இது என்று நிறைய. திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

சலிப்பு வருவது டேங்கில். பிரிட்டனில் 2016 விதிகளின்படி டேங்க் 2 மில்லிலிட்டருக்கு மேல் போகக்கூடாது. 70 வாட்டில் அது எந்த மூலைக்கு? பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது, நான் நிரப்பிக்கொண்டே இருக்கிறேன். இந்த ரகக் கருவி ஜூஸ் குடிக்கும் வேகம் அப்படி. நாளைக்கு 8, 10 மில்லி எளிதாகப் போய்விடும்.

அதுதான் இனிமேல் உதைக்கப்போகிற இடம். 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி என்று பிரிட்டன் அரசு நாள் குறித்திருக்கிறது. நிகோடின் இல்லாத ஜூஸுக்கும் உண்டு. 50 மில்லி ஜூஸ் பாட்டிலில் 10 மில்லி நிகோடினைக் கலந்து 60 மில்லி ஆக்கிக்கொள்ளும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 13.20 பவுண்டு, அதன்மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேர்ந்தால் 15.84. இந்தச் செலவு தெரிந்தும், ஏற்கெனவே பெரிய ஆவிக்குப் பழகி, 60 வாட்டுக்குக் கீழே திருப்தி வராது என்பவர்கள் லெஜண்ட் 2 வாங்கலாம். பேட்டரிதான் தேயும், உடம்பு நெடுநாள் உழைக்கும். சிகரெட்டை இப்போதுதான் கைவிடுகிறவர்கள் 20 வாட்டுக்குள் ஓடும் சின்ன பாட் ஒன்றில் 20 மில்லிகிராம் ஜூஸ் ஊற்றிக்கொள்ளட்டும். நாளைக்கு 2 மில்லியில் முடியும்.