மாம்பழம் பழுத்ததா, காயா?

ராமனிடம் பத்து மாம்பழங்கள் இருக்கின்றன. அவற்றைப் பதினைந்து அணாவுக்கு விற்க நினைக்கிறான். கிருஷ்ணனுக்கு நான்கு போதும். அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? கோடை விடுமுறையில் அப்பா போட்ட இந்தக் கணக்கின் முன் சுவாமிநாதன் திணறிப்போய் உட்கார்ந்திருக்கிறான். பெருக்கல், வகுத்தல் பக்கமே அவன் மனம் போகவில்லை. பதினைந்து அணாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற இந்த ராமன் யார்? வகுப்பிலேயே கெட்டிக்காரனான சங்கரைப் போல இருப்பானோ? நாலே நாலு பழத்துக்கு வந்து நிற்கிற கிருஷ்ணனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அதெல்லாம் போகட்டும், மாம்பழம் பழுத்ததா, காயா? அது தெரியாமல் விலையை எப்படிச் சொல்வது? கடைசியில் அப்பாவிடமே கேட்டுவிடுகிறான். ஆறு அணா என்ற விடை வருவதற்குள் காது சிவந்து, கண்ணும் கலங்கிவிடுகிறது.

ஆர்.கே. நாராயண் 1935-இல் வெளியிட்ட 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலின் உயிர் எனக்கு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. சுவாமி விளையாட்டாகக் கேட்கவில்லை. சந்தையில் மாம்பழம் வாங்கிய எவரும் கேட்கும் நியாயமான கேள்வி அது. அவன் முழுத் தீவிரத்தோடு யோசிக்கிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிறிய இடைவெளியில்தான் நாராயணின் கலை முழுவதும் குடியிருக்கிறது. அவர் குழந்தையைக் கேலி செய்வதில்லை, கொஞ்சுவதும் இல்லை. அவன் தலைக்குள் ஓடுவதை ஓடுகிறபடியே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

தலைக்குள் ஓடுவதை எப்படிப் படம் பிடிப்பது? எழுத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் எவரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. 'மால்குடி டேஸ்' தொடர் அந்தச் சுவரைத் தாண்டிய விதத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

1980-களின் பிற்பாதியில் தூர்தர்ஷனில் வந்த தொடர் அது. டி.எஸ். நரசிம்மன் தயாரிக்க, ஷங்கர் நாக் இயக்கினார். 'சுவாமி' நாவலோடு 'மால்குடி டேஸ்', 'எ ஹார்ஸ் அண்ட் டூ கோட்ஸ்' தொகுப்புகளின் சிறுகதைகளும் 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' நாவலும் அதில் இடம்பெற்றன. அதாவது, ஒரு கதையை மட்டும் எடுக்காமல், அலமாரியில் ஒரே வரிசையில் நிற்கும் மால்குடிப் புத்தகங்களிலிருந்து நாராயணின் அந்தக் கற்பனை ஊரையே எடுத்துவந்தார்கள்.

நாராயணுக்குத் திரையோடு ஏற்கெனவே ஒரு கசப்பு இருந்தது. 1965-இல் அவருடைய 'கைட்' நாவல் இந்திப் படமானபோது மால்குடி காணாமல் போய், கதை ராஜஸ்தான் அரண்மனைகளுக்குக் குடிபெயர்ந்தது. தன் வருத்தத்தை அவர் ஒரு கட்டுரையாகவே எழுதினார். பணமும் பிரம்மாண்டமும் சேர்ந்து ஒரு சிற்றூரை எப்படி விழுங்கும் என்பதற்கு அந்தப் படம் ஓர் உதாரணம். ஷங்கர் நாக் நேர் எதிர்த்திசையில் நடந்தார். கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், மலைநாட்டின் ஆகும்பே என்ற சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்து, அதன் தெருக்களையும் 'தொட்ட மனே' என்ற பழைய பெரிய வீட்டையும் கதைக்குள் கொண்டுவந்தார்.

புத்தகத்தின் மால்குடியும் திரையின் மால்குடியும் ஒரே ஊர் அல்ல என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். நாராயணின் மால்குடி சமவெளி ஊர். சரயு நதியின் மணற்கரை, நல்லப்பா தோப்பு, மார்க்கெட் ரோடு, வெயிலில் காயும் மத்தியானங்கள், தூரத்தில் மெம்பி மலைக்காடு. சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து மைசூரில் வாழ்ந்தவரின் ஊர் அது. ஆகும்பேயோ தென்னகத்தின் சிரபுஞ்சி என்று பெயரெடுத்த மழைக்காடு. எனவே தொடரில் வெயிலின் வெள்ளைக்குப் பதில் ஈரத்தின் பச்சை. சாய்ந்த ஓட்டுக்கூரைகள், மரத்தூண்கள், பாசி ஏறிய சுவர்கள். புத்தகத்தை வைத்து ஒத்துப் பார்த்தால் இது பிசகுதான். ஆனாலும் உறுத்தவில்லை. காரணம், ஊரின் வேகம் மாறவில்லை. மாட்டுவண்டி போகும் வேகத்தில் நாள் நகர்கிறது. யாரும் எதற்கும் பரபரப்பதில்லை. மண்ணின் நிறத்தை விட்டுக்கொடுத்தாலும் நிதானத்தை விட்டுக்கொடுக்காத தழுவல் இது.

அந்த நிதானத்தை முதல் நொடியிலேயே நம் உடம்புக்குள் இறக்குபவை இரண்டு. ஒன்று, முகப்பில் வரும் ஆர்.கே. லட்சுமணின் கோட்டுச் சித்திரங்கள். அண்ணன் எழுதிய ஊரைத் தம்பி வரைந்திருக்கிறார். லட்சுமணின் கோட்டில் ஒரு நடுக்கமும் குறும்பும் உண்டு. குடை பிடித்த ஒரு மனிதரை நாலு கோட்டில் போட்டால் அவர் கையிலிருக்கும் காசு எவ்வளவு என்றுகூடத் தெரிந்துவிடும். நாராயணின் வாக்கியம் செய்யும் அதே வேலையைத்தான் அந்தக் கோடும் செய்கிறது: கொஞ்சம் சொல்லி, மிச்சத்தை விட்டுவிடுகிறது.

இன்னொன்று எல். வைத்தியநாதனின் இசை. வயலின் மேதைகளான எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோரின் மூத்த சகோதரர்; 'ஏழாவது மனிதன்' படத்தில் பாரதி பாடல்களுக்கு இசையமைத்து நம் நெஞ்சில் இடம் பிடித்தவர். தா-னா-னா என்று மனிதக் குரலே முணுமுணுத்துக்கொண்டு போகும் அந்த மெட்டுக்கு வார்த்தைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குத் திரும்பும் பையன் தனக்குத்தானே பாடிக்கொள்வது போன்ற குரல் அது. புத்தகத்தில் நாராயணின் கதைசொல்லி செய்யும் வேலையைத் திரையில் இந்த மெட்டு பாதி ஏற்றுக்கொள்கிறது. நமக்கு எதையும் விளக்காமல், சிரிக்கவும் இரங்கவும் மனத்தைப் பதப்படுத்தி வைக்கிறது.

மீதிப் பாதி முகங்களின் வேலை. சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், அப்பாவாக கிரீஷ் கர்னாட். நாடக ஆசிரியராக உலகறிந்த கர்னாட், ஒரு நடுத்தரக் குடும்பத்து அப்பாவின் அதட்டலுக்கு அடியில் அன்பை எங்கே வைக்க வேண்டுமென்று அறிந்து நடித்தார். மஞ்சுநாத்தின் கண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பேசும்போது அந்தக் கண்கள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். ராமனும் கிருஷ்ணனும் மாம்பழமும் அங்கே ஓடுவதைப் பார்க்கிறவர் ஊகித்துக்கொள்ளலாம். பின்னணிக் குரல் வைத்து ஒவ்வொன்றையும் விளக்கியிருந்தால் இந்தத் தொடர் என்றோ மறந்துபோயிருக்கும்.

'எ ஹீரோ' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். புலியோடு போராடிய சிறுவனைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும் அப்பா, வயதும் வலுவும் பெரிதல்ல, தைரியம்தான் முக்கியம் என்கிறார். சுவாமி மறுத்துப் பேசி மாட்டிக்கொள்கிறான். தைரியத்தை நிரூபிக்க, பாட்டியின் பக்கத்தை விட்டு அப்பாவின் அலுவலக அறையில் தனியாகப் படுக்க வேண்டும். நடுநிசியில் இருட்டில் ஏதோ அசைகிறது. பேய்தான் வந்துவிட்டது என்று பயத்தின் உச்சத்தில் அதன் காலைக் கட்டிப்பிடித்துக் கடித்துவிடுகிறான். மாட்டியவனோ பேர்போன திருடன். ஊரே வீரன் என்று கொண்டாடுகிறது. எழுத்தில் இந்தக் கதையின் ருசி சுவாமியின் பயத்தில் இருக்கிறது. நாம் அவன் தோலுக்குள்ளேயே இருக்கிறோம். திரையில் அந்தச் சலுகை இல்லை. நாம் அவனுக்கு வெளியே நிற்கிறோம். ஆனால் வெளியே நிற்பதாலேயே வேறொன்று கிடைக்கிறது: அவன் எத்தனை சின்னவன் என்பது. புத்தகத்தில் சுவாமி நம் சமவயதுக்காரன். திரையில் அவன் நம் வீட்டுப் பிள்ளை. எழுத்து அவனோடு சேர்ந்து பயப்பட வைக்கிறது. திரை அவனுக்காகப் பயப்பட வைக்கிறது. இரண்டும் வேண்டியவை. ஒன்றின் இடத்தை மற்றது நிரப்பாது.

அந்தமானில் விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் லம்பா லைனில் இந்தத் தொடருக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. தமிழ்ப் பையனான சுவாமி இந்தியில் பேசுவது சென்னைக்காரர்களுக்கு அந்நியமாகப் பட்டிருக்கலாம். இங்கே அப்படி இல்லை. வீட்டுக்குள் அம்மாவிடம் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரப் பிள்ளைகளோடு இந்தி, பள்ளிப் புத்தகத்தில் ஆங்கிலம். இப்படித்தான் இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஆங்கிலத்தில் எழுதி, கன்னடக் கலைஞர்கள் மலைநாட்டில் படம் பிடித்து, இந்தியில் பேசவைத்த கதை இங்கே யாருக்கும் விசித்திரமாகத் தெரிவதில்லை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பகுதியைப் போட்டுக் காட்டினால், திரையில் தெரியும் ஈரமும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஈரமும் ஒன்றாகவே இருக்கும். "அக்கா, இது எந்தத் தீவு?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டிருக்கிறாள். மால்குடிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

அதே பிள்ளைகளுக்கு மாம்பழக் கணக்குப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்துக் காட்டியபோது, அவர்களும் சுவாமியின் கட்சியில்தான் சேர்ந்தார்கள். பழம் பழுத்ததா என்று அப்பா ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். தொடரைப் பார்த்திருந்ததால் சுவாமியின் முகம் அவர்களுக்குத் தயாராக இருந்தது; முகத்துக்குப் பின்னால் ஓடுவதைப் புத்தகம் கொடுத்தது.

சிறந்த தழுவலுக்கு என் அளவுகோல் இதுதான்: படத்தைப் பார்த்த பிறகும் புத்தகம் தேவைப்பட வேண்டும். எல்லாவற்றையும் தானே சொல்லித் தீர்க்கும் படம், புத்தகத்தைக் காலி செய்துவிடுகிறது. ஷங்கர் நாக் சொல்லாமல் விட்டது ஏராளம். முப்பத்தைந்து வயதிலேயே, 1990-இல், கார் விபத்தில் மறைந்த அந்தக் கலைஞருக்கு எதைத் தொடக்கூடாது என்ற பக்குவம் அத்தனை சீக்கிரம் வாய்த்திருந்தது. 2006-இல் கவிதா லங்கேஷ் இயக்கத்தில் மேலும் சில பகுதிகள் வந்தபோதும், தொடர்வதற்குத் தயாரான ஓர் ஊராகவே மால்குடி காத்திருந்தது.

மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த நாராயண் அங்கே ஆற்றிய முதல் உரையில், பிள்ளைகளின் முதுகை வளைக்கும் புத்தகப்பையைப் பற்றிப் பேசினார். குழந்தைப் பருவம் சுமைக்கு அடியில் நசுங்குகிறது என்பதே அவர் கவலை. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சுவாமியை எழுதிய அதே மனம்தான் பேசியது. மாம்பழம் பழுத்ததா என்று கேட்கும் பிள்ளைக்கு அதைக் கேட்க நேரம் வேண்டும். புத்தகம் அந்த நேரத்தைப் பக்கத்துக்குப் பக்கம் கொடுக்கிறது. தொடர் அதைக் குறைக்காமல் கடத்துகிறது. ஆகவே, வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: முதலில் 'எ ஹீரோ' பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். மறுநாள் புத்தகத்தை எடுத்து உரக்கப் படியுங்கள். நடுவில் அவர்கள் கேள்வி கேட்டால், கணக்கை ஒத்திவைத்துவிட்டு முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.