கோட்டை அல்ல, பெட்டி

பூர்வீக ஊருக்குப் போய்வந்து எழுதப்படும் புத்தகங்களுக்கு ஒரு டெம்ப்ளேட் உண்டு. தாத்தாவின் வீட்டைத் தேடுவார்கள், வீடு இருக்காது, யாராவது ஒரு கிழவர் கைகாட்டுவார், எழுதுகிறவர் கண்கலங்குவார். அவ்வளவுதான். டேனியல் மெண்டல்சன் 2006இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட்’ அந்தக் கண்ணீர்த்துளியோடு முடிந்துபோகாத புத்தகம்.

ஊர் பொலெக்கோவ். அன்று போலந்தில் இருந்தது, இன்று உக்ரைனில். சில ஆயிரம் யூதர்கள் வாழ்ந்த அந்தச் சிற்றூரில் நாஜிகளிடமிருந்து உயிர் தப்பியவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. மெண்டல்சனின் தாத்தாவுடைய அண்ணன் ஷ்மீல், அவர் மனைவி எஸ்தர், நான்கு மகள்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள். நூலின் துணைத்தலைப்பே சொல்கிறது: அறுபது லட்சம் பேரில் ஆறு பேரைத் தேடுவது.

2001இல் உடன்பிறந்தவர்களோடு பொலெக்கோவ் போகிறார் மெண்டல்சன். ஆனால் ஊரைப் பற்றிய நினைவு ஊரில் இல்லை. அது சிட்னியிலும் இஸ்ரேலிலும் ஸ்காண்டிநேவியாவிலும் வயதான சிலரின் வரவேற்பறைகளில் சிதறிக் கிடக்கிறது. எனவே சொந்த ஊர்ப் பயணம் உலகப் பயணமாகிவிடுகிறது.

நூலின் திருப்பம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. ஷ்மீல் ஏதோ ஒரு ‘காஸில்’ உள்ளே, அதாவது கோட்டைக்குள், ஒளிந்திருந்ததாகத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் மெண்டல்சன். தாத்தா சொன்னதோ ‘கெஸ்ட்ல்’. இத்திஷ் மொழியில் பெட்டி. என் தொழிலில் இதை என்கோடிங் பிழை என்போம். தரவு சரியாகத்தான் வந்து சேர்ந்திருக்கும், படித்த மொழிதான் வேறு. கடைசியில் அவர் இறங்கிப் பார்ப்பது ஒரு பள்ளி ஆசிரியையின் வீட்டுக்கடியில் இருந்த சின்ன நிலவறை. அங்கே ஒளிந்திருந்த ஷ்மீலும் மகள் ஃப்ரிட்காவும் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஃப்ரிட்காவைக் காதலித்து, அவளை ஒளித்துவைக்க உதவிய போலந்துப் பையனும் அதற்காகவே கொல்லப்பட்டான். எந்த இனத்தான் நல்லவன், எவன் கெட்டவன் என்று குடும்பங்கள் வைத்திருக்கும் தரவரிசை இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

சரி, குறையே இல்லையா? இருக்கு. இடையிடையே வரும் ஆதியாகம விளக்கங்கள் பல இடங்களில் பொறுமையைச் சோதிக்கின்றன. ஆனால் காயீன்–ஆபேல் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். 1939இல் ஷ்மீல் அமெரிக்காவிலிருந்த சொந்தங்களிடம் உதவி கேட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதங்களைத் தாத்தா சாகும்வரை தன் பர்ஸிலேயே வைத்திருந்தார். காப்பாற்ற முடியாத தம்பியின் குற்றவுணர்வை நேரடியாக எழுத பேரனுக்குக் கை வரவில்லை. வேதக்கதை வழியாக எழுதுகிறார்.

ஜொனாதன் சஃப்ரான் ஃபோயரும் இப்படித் தேடிப் போனவர்தான். மூதாதையர் ஊரில் எதுவும் கிடைக்காததால் அந்த வெறுமையைக் கற்பனையால் நிரப்பி 2002இல் ‘எவ்ரிதிங் இஸ் இல்லுமினேட்டட்’ நாவலை எழுதினார். அற்புதமான நாவல். ஆனாலும் நான் மெண்டல்சன் பக்கம்தான். ஏன் என்றால், ப்ரோனியா.

ப்ரோனியா கடைசி மகள். இத்தனை நாடுகள் சுற்றியும் அவளைப் பற்றிக் கிடைப்பது மிகச் சொற்பம். காரணம் எளிமையானது, கொடூரமானது. ஒரு குழந்தையின் குறும்பும் விளையாட்டும் இன்னொரு குழந்தைக்குத்தான் நினைவிருக்கும். அந்தக் குழந்தைகளையும் சேர்த்தே கொன்றுவிட்டார்கள். தப்பிய பெரியவர்களுக்கு அவள் யாரோ ஒருத்தியின் தங்கச்சி, அவ்வளவே.

நாவலாசிரியர் அவளுக்கு ஒரு பொம்மையும் பிடித்த பாட்டும் கொடுத்திருப்பார். நாமும் அழுதிருப்போம். மெண்டல்சன் எதையும் கொடுக்கவில்லை. ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் புத்தகத்தில் அவளுக்கு உரிய இடம் கிட்டத்தட்ட வெற்றிடமாகவே இருக்கிறது. அழிவு என்பது அந்த வெற்றிடம்தான். அதை நிரப்பாமல் விட்டதுதான் அவளுக்கு அவர் செய்த மரியாதை.