தேடல் குறிகளும் தமிழ்ப் புணர்ச்சியும்: ‘இல்லை’ என்னும் முடிவின் நம்பகத்தன்மை

ஆய்வுச்சுருக்கம்

மின்னூல் தளங்களில் தேடி, ஒரு சொல் ஓர் இலக்கியத்தில் இல்லை என முடிவுசெய்வது இன்று எளிதாகியுள்ளது. அம்முடிவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதைத் தேடல் குறிகளின் இயல்பு, புணர்ச்சி, எழுத்துக் குறியீடு ஆகியவற்றின் வழி இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: தேடல் குறிகள், புணர்ச்சி, ஒருங்குறி, சொல்லடைவு.

முன்னுரை

சொல்லாட்சி பற்றிய கூற்றுகளுக்கு முன்னர் அச்சுச் சொல்லடைவுகள் சான்றாக நின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவு அவற்றுள் ஒன்று. சொல்லடைவில் புணர்ச்சியைப் பிரித்துச் சொல்லை இனங்காணும் பணியைத் தொகுப்பாளர் முன்பே செய்துவிடுகிறார். மேற்கோள்குறிக்குள் இட்ட தேடலோ எழுத்துத் தொடரை மட்டுமே ஒப்பிடுகிறது. எனவே பிரிக்கும் பொறுப்பு ஆய்வாளரிடம் வந்து சேர்கிறது. இம்மாற்றம் உணரப்படாதபோது, கருவியின் வரம்பு இலக்கியத்தின் இயல்பாகப் பதிவாகிவிடுகிறது.

மேற்கோள்குறியும் புணர்ச்சியும்

நன்னூல் கூறும் தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்று விகாரங்களும் தேடலைப் பாதிக்கின்றன. ‘தமிழ் பாடல்’ எனத் தேடுவோர்க்குத் ‘தமிழ்ப்பாடல்’ அகப்படாது. ‘கடல்’ என்பது ‘கடற்கரை’யையும், ‘மரம்’ என்பது ‘மரவேர்’ என்பதையும் காட்டாது. விகாரங்களை ஆய்வாளர் எதிர்பார்க்கக்கூடும். இலக்கணம் இயல்பு எனக் கொள்ளும் புணர்ச்சியோ எளிதில் கவனம் தப்பும். ‘கடல்’, ‘அலை’ இணைந்து ‘கடலலை’ ஆகும்போது இலக்கண நோக்கில் எவ்வெழுத்தும் திரியவில்லை. எனினும் கணினிப் பதிவில் ‘அ’ என்னும் தனியுயிர்க் குறி இல்லை. ஆகவே உயிர்முதற் சொற்களைத் தேடும்போது விடுபாடு மிகுகிறது.

கூகுளில் உடுக்குறி முழுச்சொல்லின் இடத்தையே நிரப்பும்; சொல்லின் ஈற்றை நிரப்பாது. வேற்றுமை உருபேற்ற வடிவங்களைத் திரட்ட அது உதவாது.

கழித்தல் குறியும் தள வரையறையும்

‘கடலை’ என்பது கடல் என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவம். பயறு ஒன்றின் பெயருமாகும். பின்னதை விலக்கக் கழித்தல் குறி பயன்படுகிறது. ஆனால் அக்குறி விலக்குவது தொடரை அன்று, பக்கத்தை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தளங்களில் ஒரு நூல் முழுதும் ஒரே பக்கமாக அமைவதுண்டு. அங்கே விலக்கிய சொல் ஓரிடத்தில் வந்தாலும் நூல் முழுதும் விலகும். இரு சொற்களைச் சேர்த்துத் தேடும்போது, அவை நூலின் இருவேறு முனைகளில் இருந்தாலும் அப்பக்கம் முடிவாக வரும். தேடலை ஒரு தளத்திற்குள் அடக்கும் ‘சைட்’ குறியும் தேடுபொறி அட்டவணைப்படுத்திய பக்கங்களையே காட்டும். எழுத்துணரி வழிப் பனுவலாக மாற்றப்படாத பக்கப் படிமங்கள் இவை எவற்றிற்கும் எட்டா.

எழுத்துக் குறியீடு

‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ என ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுத் தட்டச்சு செய்வது பரவலான வழக்கம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் கணினிக்கு இவை வேறு சொற்கள். ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாகவும் பதியலாம். ஒருங்குறி இவ்விரண்டையும் நிகராகக் கொண்டாலும், இயல்பாக்கம் செய்யாத மென்பொருள் வேறாகவே கொள்ளும்.

இலக்கணவழித் தேடல்

பனுவலைத் தரவிறக்கி, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் வடிவத்தேடல் வசதியுள்ள உரைத்திருத்தியில் தேடுவது இவற்றிற்குத் தக்க மாற்று. ஒருங்குறியில் ‘ல்’ என்பது லகரத்தின்பின் புள்ளி சேர்ந்தது. எனவே குறிகளை ஒப்பிடும் திருத்தியில் ‘கடல’ எனப் புள்ளியின்றித் தேடினால் கடல், கடலில், கடலலை ஆகிய யாவும் கிடைக்கும். ‘கடற’ என்பதைத் தனியே சேர்க்க வேண்டும்.

உயிர்முதற் சொல்லுக்கு இலக்கணமே வரம்பு தருகிறது. சொல்லீற்றில் வரும் மெய்கள் 11. உடம்படுமெய்களான யகர வகரங்கள் அவற்றுள் அடங்கும். குற்றியலுகரம் கெட்டு எஞ்சும் வல்லின மெய்கள் 6. ஆக, ஙகரம் ஒழிந்த 17 மெய்களுள் ஒன்றை அடுத்து ‘லை’ வரும் இடங்களையும் தேடினால், ‘அலை’ புணர்ந்து நிற்கும் இடங்கள் கிட்டும். மிகையாக வருவனவற்றை ஆய்வாளர் படித்தே களைதல் வேண்டும்.

முடிவுரை

‘உண்டு’ என்பதற்கு ஓரிடம் காட்டினால் போதும். ‘இல்லை’ என்பதற்குத் தேடிய முறை முழுதும் சான்றாக வேண்டும். ஆகவே இன்மையைக் கூறும் ஆய்வேடு பயன்படுத்திய பதிப்பு, பதம் பிரித்ததா சீர் பிரித்ததா என்னும் நிலை, தேடிய வடிவங்கள், தேடிய நாள் ஆகியவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவு இல்லாத இன்மைக் கூற்றைப் பிற ஆய்வாளர் சோதிக்க இயலாது.